கம்பியில் ஏறிய கொடி

கொத்தனார் இன்னும் பின்வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். தோளில் சுண்ணாம்புப் பொடி மூட்டை, கையில் அளவு டேப். "லேப் அக்கா, எந்த மூலையிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டவரைப் போன வார இதழின் கடைசி வரியில் அப்படியே நிறுத்திவிட்டுப் போயிருந்தோம்.

லேப் அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. சனிக்கிழமை காலை. லேபுக்கு விடுமுறை. தொட்டிகளில் இருந்த தக்காளி நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள், பூவாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எதை ஆரம்பிக்கணும்?"

"ரூமைத்தான். இன்னிக்குக் கோடு போட்டுட்டா திங்கக்கிழமை அஸ்திவாரம் வெட்டிடலாம்."

அவள் சிரித்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்ப்பவள். ஒருத்தருடைய ரிப்போர்ட் இன்னொருத்தர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதை நிறையப் பார்த்திருக்கிறாள்.

"வீடு மாறி வந்துட்டீங்க போல. இங்க யாரும் ரூம் கட்டலைங்க."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர், மெக்கானிக் சார் குடுத்ததுதான். அவரோட அக்காவுக்குன்னு சொன்னாரு. என் பேர்லதான் தப்பு, வேற ஒரு வேலை இழுத்துடுச்சு. அஞ்சு வாரம் முன்னாடியே வந்து கம்பி அடிச்சுட்டுப் போனேனே..."

சொல்லிக்கொண்டே தோட்டத்தின் பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்தினார்.

"என்னக்கா இது? கம்பியில கொடி ஏத்தி விட்டிருக்கீங்க?"

*

அந்த ஆறு கம்பிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் இருப்பது இருபதடிக்குப் பதினாலடி மண். அதில்தான் அவள் ஒவ்வொரு வசந்தத்திலும் முள்ளங்கி, கீரை, வெங்காயம், பட்டாணி, பீன்ஸ் என்று போட்டு எடுப்பாள். பீன்ஸுக்கு ஏறக் கொம்பு வேண்டும். மூன்று வருடமாகக் கணவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். போன வருடம் உடைந்த துடைப்பக் குச்சியையும் பழைய குடைக் கம்பியையும் நட்டுப் பார்த்தாள். ஒரே காற்று, எல்லாம் குப்புற விழுந்தது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனையோ பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவர். வீட்டில் எதைக் கேட்டாலும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார். சரி என்றும் வராது, முடியாது என்றும் வராது. வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் பழைய கிண்டல் அது.

குளிர் விட்ட முதல் வாரம். ஒரு வியாழக்கிழமை லேபிலிருந்து திரும்பினால், தோட்டத்தில் ஆறு இரும்புக் கம்பிகள் நின்றன. இடுப்பு உயரம். உச்சியில் சிவப்புத் துணி. கம்பிக்குக் கம்பி விறைப்பாக ஒரு நூல்.

"கடைசியில என் பேச்சு காதுல ஏறிடுச்சா?" என்று கேட்டாள்.

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், "ம்" என்றார்.

அந்த ஒற்றை எழுத்துக்கு அவள் கண் கலங்கி நன்றி சொன்னாள். "குருவி வராம இருக்கத் துணிகூடக் கட்டியிருக்கார் பாரேன்," என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. வீட்டில் இன்னும் வாண்டுதான்.

கம்பிகள் இருந்த இடம்தான் கோணலாகப் பட்டது. ஒன்று நடைபாதைக்கு நடுவில். ஒன்று கீரைப் பாத்தியில். இரண்டு சுவரை ஒட்டி. கேபிள் பிடிக்கிற கைக்குப் பாத்தி எது பாதை எது என்று என்ன தெரியும்? ஆசையாகச் செய்ததை மாற்றி நடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அதனால் தோட்டத்தை மாற்றினாள்.

ஒவ்வொரு கம்பிக்கும் கீழே முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, மக்கிய உரம் போட்டு, பீன்ஸ் விதை ஊன்றினாள். நூல் போன வழியெல்லாம் பட்டாணி. பாதையைத் தள்ளி வைத்தாள். இரும்பு வழுக்கும் என்று கம்பியில் சணல் சுற்றினாள். லேபில் மிச்சமாகும் ஸ்டிக்கரில் விதையின் பெயரும் தேதியும் எழுதி, பிளாஸ்டிக் ஸ்பூனில் ஒட்டி, குழிக்கு ஒன்றாகக் குத்தி வைத்தாள். அந்த ஸ்பூன்களின் முதுகு முழுக்க வாண்டுவின் கிறுக்கல். குளிர்காலத்தில் பதினெட்டு ஆனதும் தனக்கென்று ஒரு கையெழுத்து வேண்டும் என்று மார்க்கர் பேனாவோடு உட்கார்ந்து, கிடைத்த ஸ்பூனில் எல்லாம் போட்டுப் பழகியிருந்தாள். முடிவில் வாலைச் சுழற்றி, அதற்குள் இரண்டு புள்ளி.

"கையெழுத்தா, எலியா?" என்று இவள் அப்போது கேலி செய்திருந்தாள்.

கொடி ஏறிய படத்தை லேப் குரூப்பில் போட்டபோது, உடன் வேலை பார்ப்பவள் ஒருத்தி எழுதினாள்: "உங்க வீட்டுக்காரரை எங்க வீட்டுக்கும் ஒரு நாள் அனுப்பி வைங்க." அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

*

இப்போது கையில் அந்தக் காகிதம்.

ஒரு செவ்வகம். அதன் ஓரங்களில் ஆறு கறுப்புப் புள்ளிகள். அவள் காகிதத்தைப் பார்த்தாள், தோட்டத்தைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தை.

ஆறு புள்ளியிலும் ஆறு கொடி. சுவர் வர வேண்டிய இடமெல்லாம் பட்டாணி. பாதைக்காக அவள் விட்ட இடைவெளியில் ‘கதவு’ என்று எழுதியிருந்தது. குழாய்க்காக விட்ட இடைவெளியில் ‘ஜன்னல்’.

ஐந்து வாரமாக அவள் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தது ஓர் அறையின் வரைபடத்தை.

"குழிகூட வெட்டி வச்சிருக்கீங்களேன்னு பாத்தேன்," என்றார் கொத்தனார் குரலைத் தாழ்த்தி. "நமக்கு வேலை மிச்சம்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

காகிதத்தின் கீழ் ஓரத்தில் கணவரின் கையெழுத்து. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மடித்து, புதினாத் தொட்டியை லேசாகத் தூக்கி அடியில் வைத்தாள்.

"நான் கோடு மட்டும் போட்டுட்டுப் போயிடவா?"

"வேண்டாம். சுண்ணாம்பு பட்டா இலை கருகிடும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"மூட்டை?"

"இருக்கட்டும்."

தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, கொடியில் கால் படாமல் ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார். அந்த வீட்டில் அன்றைக்கு அவளுடைய செடியைப் பார்த்து நடந்தவர் அவர் ஒருவர்தான்.

*

பதினொரு மணிக்கு நாத்தனார் வந்தார்.

தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு. "என் தம்பி ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறான், எனக்கு மட்டும் படி," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். இந்த வீடு தம்பிக்கும் அக்காவுக்கும் பொதுவாக வந்தது. இதுநாள் வரை அவர் ஒரு மூலையைக்கூடக் கேட்டதில்லை.

இன்றைக்குக் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சதுரம் சதுரமாக வெட்டிய சாம்பிள் துணிகள்.

"ஏம்மா, ஜன்னலுக்கு எது நல்லா இருக்கும்? இந்த நீலமா, இல்ல இந்தப் பொடிப்பூவா?"

"எந்த ஜன்னலுக்கு அண்ணி?"

"என் ஜன்னலுக்குத்தான்." நாத்தனார் படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். "உனக்குப் பெரிய மனசும்மா. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். இந்தத் தோட்டம் உனக்கு எப்படின்னு எனக்குத் தெரியும். அதை விட்டுக் குடுத்ததும் இல்லாம, நீயே உன் கையால குழியும் வெட்டி வச்சியாமே! தம்பி சொன்னப்போ எனக்குப் பேச்சே வரலை."



"என்ன சொன்னாரு?"

"‘அவளுக்குப் பூரண சம்மதம்க்கா, அவளே கம்பிக்குப் பக்கத்துல வேலையை ஆரம்பிச்சுட்டா’ன்னான்."

துணிச் சதுரம் ஒன்று நழுவி மண்ணில் விழுந்தது. எடுக்கக் குனிந்த நாத்தனார், சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்தார். கம்பி உச்சி வரை சுற்றியிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பது பெண்களை வேலை வாங்கிய கண். எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

"உனக்குத் தெரியாது."

"காலையில கொத்தனார் சொல்லித்தான் தெரியும்."

நாத்தனார் சாம்பிள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார். பொடிப்பூவைக் கடைசியாக வைத்தார்.

"என்னையும் சேத்துல்ல ஏமாத்தியிருக்கான்! நான் கெளம்புறேன்மா."

"உட்காருங்க அண்ணி. கால் எப்படி வீங்கியிருக்கு பாருங்க." அவள் உள்ளே போய் முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவர் காலுக்கடியில் போட்டாள். போட்ட வேகத்தில் அது படியில் டொக்கென்று இடித்தது. "நான் வேணாம்னு சொல்லலை. சரின்னும் சொல்லலை. என்னை யாரும் கேக்கவே இல்லை."

*

மெக்கானிக் ஒரு மணிக்கு வந்தார். ஏதோ அலுவலகத்தில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட நாலு பேரை வெளியே எடுத்துவிட்டு வந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். பின்வாசலுக்கு வந்தவர் முதலில் அக்காவைப் பார்த்தார், பிறகு சுண்ணாம்பு மூட்டையை, கடைசியில் மனைவியை.

"சாப்பிட்டாச்சா?" என்றார்.

"கொத்தனார் வந்தாரு."

"ம்."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த ‘ம்’மை மட்டும் சொல்லாதீங்க."

அவர் கையைத் துடைக்கத் துணி தேடினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு நீ அவ்வளவு சந்தோஷமாக் கேட்ட. இல்லைன்னு சொல்ல வாய் வரலை. விடிஞ்சதும் சொல்லலாம்னு நெனச்சேன். காலையில வந்து பாத்தா நீ குழி வெட்டிக்கிட்டிருந்த."

"அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"உன் கையில மண்வெட்டி இருந்துச்சு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்தார். அவளுக்கு வரவில்லை.

"உர மூட்டையைத் தூக்கிட்டு வந்து ஒவ்வொரு கம்பிகிட்டயும் வச்சது யாரு?"

"நான்தான்."

"ஏன் வச்சீங்க?"

"கனமா இருந்துச்சு. உனக்கு முதுகு வலி இருக்கே."

"சணல் வழுக்குதுன்னேன். கேபிள் சுத்துற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம சுத்தணும்னு காட்டிக் குடுத்தீங்க. ஞாபகம் இருக்கா? என் கையைப் பிடிச்சுக் காட்டிக் குடுத்தீங்க."

மெக்கானிக் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்தார்.

"அப்போ உங்க மனசுக்குள்ள என்ன ஓடிச்சு? அதை மட்டும் சொல்லுங்க. இதெல்லாம் எத்தனை நாளைக்குன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே பிடிச்சுக் காட்டினீங்க."

"கொத்தனார் ஒரு வாரத்துல வந்துடுவேன்னான். அவன் வரல. வர வரைக்கும் இருக்கட்டுமேன்னு..."

"அவரு அஞ்சு வாரம் லேட்டா வந்தாரு. அந்த அஞ்சு வாரமும் நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?"

"டேய்," என்றார் நாத்தனார். "நான் ரூம் கேட்டேனாடா? நீயா வந்து கட்டித் தரேன்னு சொன்ன. இவ கிட்ட கேட்டியான்னு கேட்டேன். என்ன சொன்ன?"

மெக்கானிக் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டார். கதவைத் திறந்துவிட இந்த முறை யாரும் இல்லை.

"கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நாலு நாள் பேசாம இருந்திருப்பேன். பாத்திரத்தை டமால் டமால்னு வச்சிருப்பேன். அஞ்சாம் நாள், சரி, அண்ணி எத்தனை நாளைக்குத்தான் படி ஏறுவாங்கன்னு நானே அளந்து குடுத்திருப்பேன். அந்த நாலு நாளுக்குப் பயந்துக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்க."

"தப்புதான். காய்ப்பு முடியட்டும். கொத்தனாரை ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்றேன்."

"அதுவரைக்கும் அண்ணி மூணு மாடி ஏறி இறங்கட்டுமா? நான் காய் பறிச்சுச் சாப்பிடுறேன், அவங்க வலிக்கு நான் காரணமா நிக்கிறேன். அதுவும் என் தலையிலதானா?"

"அப்போ நான் என்னதான் பண்ணட்டும்?"



"அன்னிக்கு உங்களுக்கு ஒரு நன்றி சொன்னேன். அதைத் திருப்பிக் குடுங்க."

*

நாத்தனாரைத் தம்பியே வண்டியில் கொண்டுபோய் விடக் கிளம்பினார். "நான் பஸ்ஸுல போய்க்கிறேன், உன் மூஞ்சிக்குப் பின்னாடி உட்கார என்னால ஆகாது," என்று நாத்தனார் சொன்னது வாசல் வரை கேட்டது. பிறகு வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டது. கால் வலி கோபத்தைவிடப் பெரியது.

நாலு மணிக்கு வெயில் சாய்ந்தது. அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

திங்கட்கிழமை என்ன செய்வது என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. எது வந்தாலும், பிழைக்கக் கூடியதைப் பிழைக்க வைக்கலாம். வெங்காயத்தைப் பெயர்த்து மரப்பெட்டியில் வைத்தாள். முள்ளங்கி பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிட்டது. கீரையை வேரோடு எடுத்துப் பழைய வாளிக்கு மாற்றினாள். தக்காளி ஏற்கெனவே தொட்டியில்தான் இருந்தது. "இந்த வருஷம் தொட்டியிலயே இருக்கட்டும்மா, தரையில வைக்காத," என்று போன மாதம் வாண்டு ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான், பாக்க அழகா இருக்கும்," என்றாள்.

அந்தக் குழந்தையாவது நல்லதாக ஒன்று சொன்னது என்று நினைத்துக்கொண்டாள். ஐந்து வாரமாக மாலையில் தண்ணீர் ஊற்றுவதும் அதுதான். முன்பெல்லாம் பத்து முறை கூப்பிட்டால்தான் பூவாளியைத் தொடும்.

பீன்ஸிடம் வந்து நின்றாள்.

பீன்ஸைப் பெயர்க்க முடியாது. கொடி ஏறிய பிறகு வேரில் கை வைத்தால் இரண்டே நாளில் துவண்டுவிடும். நட்ட இடத்தோடு சரி. மூன்றாவது கம்பியில், சிவப்புத் துணிக்கு இரண்டு விரல் கீழே, வெள்ளையாக ஒரு மொக்கு. நேற்று இல்லை.

அதைத் தொடாமல் விட்டு, புதினாத் தொட்டியை நகர்த்தினாள். அடியில் வைத்த காகிதம் ஈரத்தில் ஊறியிருந்தது. உதறி விரித்தபோதுதான், பின்னால் இன்னொரு தாள் பின் அடித்து இருப்பது தெரிந்தது. காலையில் அதைக் கவனிக்கவில்லை.

‘பின்பக்க இடத்தில் என் அக்கா அறை கட்டிக்கொள்ள எனக்கு முழுச் சம்மதம்.’ கீழே கணவரின் கையெழுத்து. தேதி, கம்பி நட்ட வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தியது.

அதற்கும் கீழே, ‘சாட்சி’ என்று போட்டு இன்னொரு கையெழுத்து.

ஈரத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தது. ஆனாலும் வால் தெரிந்தது. சுழன்று போய், உள்ளே இரண்டு புள்ளி.

ரத்தக் குழாய்களின் மேல் இருக்கும் பெயரையும் சீட்டில் இருக்கும் பெயரையும் ஒத்துப் பார்க்காமல் அவள் எதையும் நம்பியதில்லை. பதினேழு வருடப் பழக்கம். குனிந்து, மூன்றாவது கம்பியின் அடியில் குத்தியிருந்த ஸ்பூனைப் பிடுங்கினாள். மண்ணைக் கட்டைவிரலால் துடைத்துத் திருப்பினாள். காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒத்துப் போனது.

இந்தக் குழிகளுக்கு விதை எண்ணிக் கொடுத்தவள் வாண்டு. "ஒரு குழிக்கு நாலு போதுமாம்மா?" என்று கேட்டவள். குருவிக்குத் துணி கட்டியிருக்கார் பார் என்று காட்டியபோது, "ஆமாம்மா, அழகா இருக்கு," என்று சொன்னவள்.

தொட்டியிலேயே இருக்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

முன்பக்கம் கேட் திறந்தது. சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது. பக்கச் சந்து வழியாகக் குரல் முந்திக்கொண்டு வந்தது.

"அம்மா! பீன்ஸ் மொக்கு விட்டுச்சா?"

ஒரு கையில் ஸ்பூனும் ஒரு கையில் ஈரக் காகிதமுமாக அவள் நிமிர்ந்தாள்.

"விட்டிருக்கு. வந்து பாரு," என்றாள். "சாட்சிக்குத்தான் நீ இருக்கியே."

சந்துக்குள் வந்துகொண்டிருந்த சக்கரச் சத்தம் நின்றது. அடுத்து சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் வர வேண்டும். வரவில்லை.